பேச்சு முடியுமுன் குடித்த சூப்

ஏழு வருஷமாக மலையில் வெள்ளையன் என்கிறவர் வீட்டு வாசல்வரை போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அங்கே ஒரு கை சோறு கிடைத்ததில்லை. தண்ணீர் கொடுப்பார்கள். நன்றாக விளக்கின சொம்பில், பல் கூசுகிற குளிர்ச்சியில் சுனைத் தண்ணீர். உள்ளே களி கிண்டுகிற வாசனை வரும், கொள்ளுக் குழம்பு கொதிக்கிற வாசனை வரும். "வாங்க மேஸ்திரி, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்பார் வெள்ளையன். அத்தோடு சரி. வாசலில் கிடக்கும் தட்டைக் கல்லில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜமுனாமரத்தூருக்கு நடந்து, டீக்கடை பன்னைத் தின்று பசியாறுவேன்.

எனக்கு ஊர் ஆலங்காயம். வாணியம்பாடியில் தோல் ஷாப்பு வைத்திருந்த ஒரு பாய்க்காக ஜவ்வாது மலையில் கடுக்காய் வாங்கி அனுப்புவதுதான் வேலை. தோல் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். மலைக்காரர்கள் தை மாசியில் காட்டில் பொறுக்கி, பாறையில் உலர்த்தி, மூட்டை கட்டுவார்கள். நான் போய்ப் பார்த்து எடுத்துக்கொள்வேன். தோலில் புழங்கின கை என்று என்னை வீட்டுக்குள் கூப்பிடுவதில்லையோ என்று ஒரு சந்தேகம் எனக்கு நெடுநாளாக உண்டு. கேட்டுவிடலாம்தான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமல் இருந்தேன். சோறு விஷயத்தில் நான் கொஞ்சம் ரோஷக்காரன்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், சித்திரையில், பாய் என்னைக் கூப்பிட்டு இனிமேல் கடுக்காய் வேண்டாம் என்றார். எல்லாரும் குரோம் உப்புக்கு மாறிவிட்டார்களாம். கடுக்காய் வாங்குகிறவனுக்கே கடுக்காய் கொடுத்துவிட்டார். அதற்குள் மலையில் என் பேச்சை நம்பி நாற்பது மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். "இந்த வருசம் நெறயப் பொறுக்குங்க" என்று தையில் சொன்னவன் நான்தான். மூட்டைகள் வெள்ளையன் ஊர்க் கூரைக் கொட்டகையில் கிடந்தன. ஆனி பிறந்தால் மழை. ஈரம் பட்டால் கடுக்காய் கறுத்துப் பூசணம் பூக்கும், அப்புறம் அடுப்பெரிக்கக்கூட ஆகாது.

எனக்குத் தெரிந்த இன்னொரு தோல் ஊர் கல்கத்தாதான். இருபத்திரண்டு வயசில் அங்கே போய், டாங்ராவில் தோல் ரகம் பிரிக்கிறவனாகப் பத்து வருஷம் இருந்தவன். டாங்ரா, சீனர்கள் தோல் ஷாப்புகள் நடத்தும் பேட்டை. நான் தங்கியிருந்த அறைக்குப் பக்கத்து ஷாப்பு லியாங் குடும்பத்துடையது. முன்னறையில் நாலு மேஜை போட்டு அந்த வீட்டு அம்மா சமைத்துப் போடுவார். நான் சம்பாதித்ததில் பாதி அந்த மேஜையில்தான் போயிற்று, வருத்தமில்லை. அவர்கள் இன்னும் பழைய முறையில் செருப்பு அடித்தோல் பதப்படுத்துவதாகக் கேள்வி. கடுதாசி போட்டேன். பதில் இல்லை. மாதிரி மூட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விடுவது என்று முடிவாயிற்று.

"நானும் வர்றேன்" என்றார் வெள்ளையன். "எங்க காய் எந்த ஊருக்குப் போவுதுன்னு ஒருதரம் கண்ணால பாக்கணும்."

வெள்ளையனுக்கு என் வயசுதான் இருக்கும், நாற்பது. அவர் அதுவரை போன தூரம் மேற்கே வாணியம்பாடி, தெற்கே செங்கம் சந்தை. ரயிலில் இரண்டு நாள் ஜன்னலை விட்டு நகரவில்லை. எந்த மலையைப் பார்த்தாலும், அதில் யார் இருக்கிறார்கள், என்ன விளைகிறது என்று என்னைக் கேட்பார். எனக்கு எங்கே தெரியும்? கட்லெட் எப்போது வரும் என்பதுதான் என் கவலை.

ஹௌராவில் இறங்கியதும் முதல் சண்டை டிராம் கண்டக்டரோடு. மூட்டையை ஏற்ற மாட்டேன் என்றார். நான் என் பழைய இந்தியைத் தூசி தட்டி வாதாடிக்கொண்டிருக்கும்போதே டிராம் மணியடித்துப் போய்விட்டது. கைரிக்‌ஷா ஒன்றைப் பிடித்தேன். மூட்டையை வைத்து, நானும் ஏறி உட்கார்ந்து, "வாங்க கவுண்டரே" என்றேன். வெள்ளையன் வண்டியையும் இழுக்கிற ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மனுசனா இழுக்கறாரு?"

"ஆமா. இங்க அப்பிடித்தான்."

"மூட்டை போவட்டும். நான் நடந்தே வர்றேன்."

பாலம் முழுக்க அவர் ரிக்‌ஷாவுக்குப் பக்கத்தில் நடந்தார். மேலே நான் ராஜா மாதிரி. பாதிப் பாலத்தில் எனக்கே உட்காரப் பிடிக்கவில்லை. இறங்கி நடந்தேன். பத்து வருஷம் அந்த ஊரில் கைரிக்‌ஷாவில் போனவனுக்கு அன்றைக்கு வந்த வெட்கம் அதற்கு முன்னால் வந்ததில்லை. வைகாசி வெயிலில் மூவரும் வேர்வையில் நனைந்து போனோம், மூட்டை மட்டும் சௌக்கியமாக உட்கார்ந்து வந்தது.

கல்கத்தா மாறித்தான் இருந்தது. மணிக்கொரு தரம் கரண்ட் போயிற்று. ஆனால் சீனக் கடைகள் மாறவில்லை. அன்று மதியம் பௌபஜார் பக்கம் நான் பிரம்மச்சாரியாகக் காலம் கழித்த மாடிக் கடைக்கு அவரை அழைத்துப்போனேன். அதே பச்சைத் திரை போட்ட தடுப்பறைகள், அதே பளிங்கு மேஜை, அதே பச்சை மிளகாய் மிதக்கும் வினிகர்ச் சீசா. சௌமீன் வந்தது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக, பெரிய நெருப்பில் புரட்டின கருகல் வாசனையோடு. கொஞ்சம் வினிகரைத் தெளித்து ஒரு வாய் எடுத்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்தான் காரணம் என்று வெள்ளையனிடம் சொன்னேன்.

குச்சிகளை அவரிடம் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று பெரிய வாத்தியார் மாதிரி காட்டப் போனேன். எனக்குத்தான் பழக்கம் விட்டுப் போயிருந்தது. இழை வழுக்கி மடியில் விழுந்தது. அவர் ஒரு நிமிஷம் குச்சிகளைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் வெகு லேசாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"இன்னாத்த கத்துக்கறது? அடுப்புல நெருப்புக் கங்க ரெண்டு குச்சியிலதான எடுக்கறோம்? இது அதவிட சுளுவு, சுடாது."

அடுத்து வந்த காய்கறிக் கலவையில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். கறுப்பாக, காது மாதிரி ஒரு காளான். "இது எங்க காட்டுதாச்சே! மழை வுட்டதும் பட்டமரத்துல பூக்கும்." அதற்குப் பக்கத்தில் கிடந்தது மூங்கில் குருத்து. அதையும் மென்று பார்த்து, "ரெண்டு நாளு முன்னாடி வெட்டியிருக்கணும், முத்திப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். சீனச் சாப்பாட்டை அவருக்கு அறிமுகப்படுத்தலாம் என்று வந்தவன் நான். பன்றிக்கறி வந்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு வங்காளிப் பெரியவர்கள் பேசுவது கேட்டது. "ஆட்சி மாறினதிலிருந்து சில்லி சிக்கனில் சிக்கன் குறைந்துவிட்டது" என்றார் ஒருவர். "அதற்கு முன்னாலும் குறைவுதான். அப்போது சொல்லப் பயமாக இருந்தது" என்றார் மற்றவர். மொழிபெயர்த்துச் சொன்னேன். வெள்ளையன் சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் டிரெட்டி பஜார். காலை எட்டு மணிக்குள் போனால்தான் உண்டு. வீதியோரம் சீனப் பெண்கள் ஆவி பறக்கும் அலுமினியப் பாத்திரங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே கறி வைத்த வெள்ளை ரொட்டிகள், மீன் உருண்டை போட்ட தெளிவான ரசம், எள் தூவின உருண்டைகள். நம் ஊர்களில் காலை ஆகாரம் என்றால் ஒரு சோம்பல் உண்டு. இங்கே நின்றபடி, ஊதி ஊதி, சுடச்சுடத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். நானும் ஊதி ஊதி ஆறு ரொட்டி சாப்பிட்டேன். "இந்த ஊர வுட்டு எப்பிடித்தான் வந்தீங்களோ" என்றார் வெள்ளையன். அதே கேள்வியை ஏழு வருஷமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அங்கிருந்து மூட்டையோடு டாங்ரா. தூரத்திலேயே அந்த வாடை வந்துவிடும். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நாற்றம். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்கு அது பழைய வீட்டு வாசனை. கறுப்புச் சாக்கடை ஓரமாக, பலகையில் ஆணியடித்துக் காயவைத்த தோல்கள். லியாங் ஷாப்பின் இரும்புக் கதவு, பக்கத்தில் முன்னறை, வாசலில் சிவப்புக் காகிதம், உள்ளே சாமிக்கு ஊதுபத்தி. அதே நாலு மேஜை.

ஆன்ட்டி வெளியே வந்தார். அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கணவர் தவறி நாலு வருஷம் ஆயிற்றென்றும், பெண்கள் கனடா போய்விட்டார்கள் என்றும், ஷாப்பை இப்போது மகன் பீட்டர்தான் பார்க்கிறான் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். இரண்டு கிண்ணம் சூப்போடு வந்து எங்கள் முன்னால் வைத்தார்.

"இளைத்துவிட்டாய். குடி" என்றார் இந்தியில். ஆறு ரொட்டி தின்ற வயிற்றோடு என்னைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்று சொல்ல உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

எலும்பை ராத்திரி முழுக்கக் கொதிக்கவைத்து, கடுகுக் கீரை போட்ட சூப். அந்தக் கீரையின் லேசான கசப்பு நாக்கின் ஓரத்தில் நிற்கும். ஒரே மூச்சில் பாதிக் கிண்ணம் குடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன். வெள்ளையன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தைத் தொடவில்லை.

"குடிங்க கவுண்டரே. இந்த மாதிரி சூப்பு ஒலகத்துலயே கெடையாது."

"பேச்சு முடிஞ்சிடுச்சா?"

"இன்னா பேச்சு? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மொதல்ல குடிங்க."

"அதெப்பிடி? சரக்கு பேசி முடியாத வூட்ல நாங்க உப்பு தின்ன மாட்டோம் மேஸ்திரி. தின்னுட்டா அவங்க பக்கம் ஆய்டுவோம். அப்புறம் நம்ம காய்க்கு நாமளே எப்பிடி வாய் தொறக்கறது?" என் கிண்ணத்தைப் பார்த்தார். "நீங்க குடிச்சிட்டீங்க. இனிமே எங்க சரக்கப் பத்தி நீங்க பேசக்கூடாது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. கால் ஒடிந்த மாட்டை இனி ஏரில் பூட்ட முடியாது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அந்த நேரம் பீட்டர் வந்து மூட்டைக் கயிற்றில் கை வைத்தான். "எடு கையை" என்றார் ஆன்ட்டி. "விருந்தாளி இன்னும் சாப்பிடவில்லை. அதற்குள் மூட்டையா?" ஷாப்பு பீட்டருடையது, ஆனால் வாக்கு ஆன்ட்டியுடையது. பீட்டர் கையை எடுத்துக்கொண்டான்.

வெள்ளையன் ஏன் சாப்பிடவில்லை என்பதை விளக்கினேன். ஆன்ட்டி மறுப்பாகத் தலையை ஆட்டினார். "நீ இங்கே இருந்தாய், உனக்குத் தெரியும். சீனச் சண்டை வந்த வருஷம் இந்தக் கதவைத் தட்டினவர்கள் எல்லாரும் பேசத்தான் வந்தார்கள். பேர் என்ன, அப்பா பேர் என்ன, எத்தனை பேர், எங்கே போகிறாய். பக்கத்து வீட்டுக்காரர்களை ரயிலில் ஏற்றி முகாமுக்குக் கொண்டு போனவர்களும் நன்றாகத்தான் பேசினார்கள். ஒருத்தரும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நீ சாப்பிட்டாய். சாப்பிடாதவரோடு நான் பேசுவதில்லை."

அந்த வருஷம் நான் சாப்பிட்டது வீரத்தினால் இல்லை. எனக்கு வேறு கடை தெரியாது, ஊருக்கும் புதுசு. இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அந்தம்மா சொல்றது நாயந்தான்" என்றார். "நாம சொல்றதும் நாயந்தான்." அதன் பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப் ஆறி மேலே ஆடை கட்டியது. நாற்பது மூட்டையும் எனக்குக் கண்ணில் தெரிந்தன. எதிரே கிண்ணத்தில் இருந்த சூப்பும் தெரிந்தது, பொய் சொல்லக்கூடாது. கடைசியில் மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று எழுந்தோம்.

சாயங்காலம் மறுபடியும் மாடிக் கடை. நான் பாதித் தட்டைத் தள்ளி வைத்தேன். நாளை மறுநாள் ரயில். மலையில் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வேன்? ஒரு கிண்ணம் சூப்பினால் போயிற்று என்றா? வெள்ளையன் மட்டும் நிம்மதியாக இரண்டு தட்டு சௌமீன் சாப்பிட்டார். இந்தக் கடைக்காரர் கடுக்காய் வாங்கப் போவதில்லை, ஆகையால் தடை இல்லை.

"நாளைக்கு நான் பேசிக்கறேன்" என்றார்.

"எந்தப் பாஷையில?"

"காய் இருக்குதில்ல?"

மூன்றாம் நாள் போனதும் மறுபடி இரண்டு கிண்ணம் சூப் வந்தது. வெள்ளையன் ஆன்ட்டிக்கு ஒரு கும்பிடு போட்டார். மூட்டையிலிருந்து ஒரு கடுக்காயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டி, இன்னொரு கையால் வெட்டுகிற மாதிரி சைகை செய்தார். ஆன்ட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு அவரை அடுக்களைக்குள் கூட்டிப்போனார். பத்து வருஷத்தில் நான் ஒருநாளும் கால் வைக்காத அடுக்களை. நான் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

கறி வெட்டும் அகலமான இரும்புக் கத்தியை ஆன்ட்டி நீட்டினார். வெள்ளையன் காயைப் பலகையில் வைத்து ஒரே போடு. கடுக்காய் கல் மாதிரி, அது நறுக்கென்று இரண்டாயிற்று. உள்ளே நல்ல மஞ்சள். வெட்டின முகத்தில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கத்தியின் மேல் அழுத்தித் தேய்த்தார். நாலு தேய்ப்பில் இரும்பில் நீலக் கறுப்பாக மை ஊறிக்கொண்டு வந்தது. காயில் சத்து இருந்தால்தான் அப்படிக் கறுக்கும், சொத்தைக் காய் வெறுமனே ஈரம் பண்ணும்.

ஆன்ட்டி கத்தியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் வழித்துப் பார்த்தார். விரல் கறுத்தது. நாற்பது வருஷம் தோல் ஷாப்பில் வாழ்ந்தவருக்கு அதற்குமேல் ஒருத்தர் விளக்க வேண்டுமா? ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார். காயில் ஒரு சில்லைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

கடுக்காயை மென்றவர்களுக்குத் தெரியும். வாய் முழுக்கச் சுருங்கி, நாக்கு காய்ந்த தோலாகிவிடும். எல்லாரும் துப்பிவிடுவார்கள், நான் துப்பியிருக்கிறேன். ஆன்ட்டி துப்பவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்று, விழுங்கியே விட்டார். வெள்ளையன் சட்டென்று குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார். ஆன்ட்டி ஒரு வாய் குடித்தார். கண்ணை அகல விரித்தார். இன்னொரு வாய் குடித்தார். கடுக்காய் தின்ற வாய்க்கு வெறும் தண்ணீர் இனிக்கும். தங்கப்பல் தெரிய அவர் சிரித்ததை அப்போதுதான் நான் பார்த்தேன்.

"பீட்டர்!" என்று கத்தினார். "இந்த மனிதர் வீட்டுப் பொருளை நான் சாப்பிட்டுவிட்டேன். வா, பேசலாம்."

இதை வெள்ளையனுக்குச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவங்க சொல்றத எனக்குச் சொல்லுங்க. நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லுங்க. நடுவுல உங்களுது எதுவும் கூடாது."

நாற்பது மூட்டையும் இதே மாதிரிதானா என்று பீட்டர் கேட்டான். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றிருப்பேன். வெள்ளையன் சொன்னார்: "முப்பத்திரண்டு இதே மாதிரி. எட்டு மூட்டை கடைசியா பொறுக்கினது, தூறல்ல நனஞ்சி கறுத்துப்போச்சி, பூசணம் புடிக்கல. அது இவ்ளோ நல்லா இருக்காதுன்னு சொல்லுங்க." எனக்கு நாக்கு அரித்தது. இருந்தாலும் அப்படியே சொன்னேன். பீட்டர் அம்மாவைப் பார்த்தான். அந்த எட்டும் கறுப்புச் சாயத்துக்கு ஆகும், எல்லாவற்றையும் மழைக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள் என்றான். விலையும் படிந்தது. அவ்வளவுதான், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பாயோடு நான் இதே விஷயத்தை மூன்று நாள் பேசியிருக்கிறேன்.

வெள்ளையன் மேஜைக்குப் போய், ஆறிப்போன சூப்பை இரண்டு கையாலும் எடுத்து, மிச்சமில்லாமல் குடித்தார்.

அதற்குப் பிறகு வந்ததை எல்லாம் எப்படி எழுதுவது? உப்பில் ஊறவைத்து உலர்த்தின கீரையோடு மணிக்கணக்காக வெந்த பன்றிக்கறி, குச்சி பட்டாலே பிரிந்தது. கறி அடைத்துப் பொரித்த சோயாக் கட்டிகள். இஞ்சியும் வெங்காயத் தாளும் போட்டு ஆவியில் வெந்த முழு மீன். எந்தத் தட்டிலும் நாலுக்கு மேல் சாமான் கிடையாது, எதுவும் இன்னொன்றை மறைக்கவில்லை. மசாலாவைக் கொட்டிச் சமாளிக்கிற வித்தை அந்த அடுக்களையில் இல்லை. உலகத்தில் நல்ல சமையல் எது என்று யாராவது கேட்டால், என் பெண்டாட்டி பக்கத்தில் இல்லாத சமயத்தில், நான் டாங்ரா என்றுதான் சொல்வேன். வெள்ளையன் மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டார். ஆன்ட்டி மீனின் கன்னத்துச் சதையைக் குச்சியால் எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தார். அது அந்த வீட்டில் பெரிய மரியாதை. பத்து வருஷத்தில் எனக்கு இரண்டே தடவை கிடைத்தது.

கிளம்பும்போது பீட்டர் என்னைக் கதவோரம் தனியாகக் கூப்பிட்டான். "நீ அந்த மலையில் எங்கள் ஆளாக இரு. காயை நீ பார்த்து வாங்கி அனுப்பு. மாசாமாசம் பணம் வந்துவிடும்." ஊருக்குப் போய்ப் பதில் எழுதுகிறேன் என்றேன். வேலை போனவனுக்கு வேலை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ரயிலில் வெள்ளையனிடம் இதைச் சொல்லலாம் என்று இரண்டு நாளும் நினைத்தேன். என்னவோ சொல்லவில்லை. அவர் மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊர் வந்த இரண்டாவது வாரம் மிச்ச மூட்டைகள் எல்லாம் மலையிறங்கின. கடைசி லாரி போன அன்று மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. கொட்டகை காலி. எனக்கு மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கின மாதிரி இருந்தது. வழக்கம்போல் வெள்ளையன் வாசல் கல்லில் உட்கார்ந்தேன். தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி பொன்னி வாசலுக்கு வந்தார்.

"கை கழுவிட்டு உள்ள வாங்கண்ணா. எலை போட்டாச்சு."

ஏழு வருஷமாக அந்த அம்மாளுக்கு நான் மேஸ்திரி. கல்லைவிட்டு எழுந்தேன். வெள்ளையன் உள்ளிருந்து பேசினார்.

"சரக்கு பேசறவங்க வூட்ல நாங்க திங்கறதும் இல்ல, அவங்களுக்குப் போடறதும் இல்ல. உங்களோட எங்களுக்குப் பேச்சு முடிஞ்சதே இல்லியே. இந்த மூட்டை முடிஞ்சா அடுத்த மூட்டை. இப்பதான் பாய் வேலை போச்சே." வாசலை எட்டிப் பார்த்தார். "பீட்டரு உங்களக் கூப்புட்டாரில்ல, கதவாண்ட?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு இந்திதான் தெரியாது. மூஞ்சி தெரியும். ரெண்டு நாளு ரயில்ல எதுருலதான உக்காந்திருந்தீங்க." குரலில் குத்தலே இல்லை. "அந்த வேலைய எடுத்துக்கிட்டா நாயந்தான், புள்ளகுட்டிக்காரரு. அப்ப தண்ணி தர்றேன், குடிச்சிட்டுப் போங்க. இல்லே, எங்க பக்கம் நின்னு அவங்களுக்குக் கடுதாசி எழுதறவரா இருக்கீங்கன்னா, பங்கு போடறதுல உங்களுக்கும் ஒண்ணு. இன்னா சொல்றீங்க? சோறு ஆறுது."

தோல் தொட்ட கை என்பதால் இல்லை. ஏழு வருஷம் நான் சும்மாவே குமைந்திருக்கிறேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மாசாமாசம் வரப்போகிற பணத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், ஆலங்காயத்தில் இருக்கும் பெண்டாட்டியையும் நினைத்துப் பார்த்தேன். மழை கூரையில் விழ ஆரம்பித்தது.

கையைக் கழுவிக்கொண்டு, குனிந்து உள்ளே போய், இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு. சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. உப்பு சரியாக இருந்தது.